என் கஃபீல் தலைவியான கதை

1

போன வாரம் மன்றத்திலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. தடித்த அட்டை, பொன்னிற எழுத்து. ‘மாண்புமிகு தலைவர் அவர்கள் தம் துணைவியாருடன் வருகை தந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். பல வருடமாக ஒரே வாசகத்தை அடித்துப் பழகிய கை. மாற்ற வேண்டும் என்று தோன்றியிருக்காது.

எங்கள் வீட்டில் தலைவர் என் மனைவி ஜெசிந்தா. ஆகவே துணைவியார் நான்தான். பட்டுச் சேலை கட்டிக்கொள்வதா, நூல் சேலை போதுமா என்று அவளிடம் கேட்டேன்.

“ரெண்டுமே ஒங்க வயித்தச் சுத்தி வராது. அந்த நீலச் சட்டைய அயர்ன் பண்ணிப் போடுங்க,” என்றாள். அவசரமாக டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், வாசலில் நின்று, “எனக்க யூனிஃபார்மையும் சேத்து அயர்ன் பண்ணிருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். துணைவியாரின் வாழ்க்கை இப்படித்தான் கழிகிறது.

அவள் தலைவியாகி ஒரு வருடம் ஆகிறது. ஊரிலிருக்கும் சிநேகிதர்கள் வாட்ஸப்பில் கேட்கிறார்கள். “லேய் சகாயம், ஒனக்க பெண்டாட்டி அபுதாபியில ஏதோ பிரசிடெண்டாம்லா? எந்தக் கட்சி? ஒனக்கு கார் குடுத்தானுவளா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது. எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். கார் கொடுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

நாங்கள் இருப்பது அபுதாபிக்கு வெளியே முசஃபா தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. ஜெசிந்தா நகரத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நான் முசஃபாவில் ஒரு கராஜில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் ரோஷ்னி ஆறாம் வகுப்பு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆங்கிலத்தில் கேட்டால், “டாடி, ப்ளீஸ், தமிழ்லயே பேசுங்க,” என்பாள். என் ஆங்கிலத்தின் மேல் அவ்வளவு கருணை.

விஷயத்துக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் வெளிநாட்டுக்காரன் யாரும் தானாக இருக்க முடியாது. அவனுக்கு விசா எடுத்துப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். அவருக்குப் பெயர் கஃபீல். வேலைக்கு வந்தவனுக்குக் கம்பெனி கஃபீல். அவன் குடும்பத்துக்கு அவனே கஃபீல். இதுதான் வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டது. என் விசா ரத்து. பெட்டியைக் கட்டுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் ஜெசிந்தா திருமணச் சான்றிதழையும் சம்பளச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, விசா விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டருக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே இருந்த பையனுக்குக் குழப்பம். “ஹஸ்பெண்ட் ஸ்பான்சர், வைஃப் டிபெண்டென்ட்தானே மேடம்?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டான். அவள் விளக்கி முடித்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஓ,” என்றான். அந்த ‘ஓ’ இன்னும் என் காதில் இருக்கிறது. பல நடைகளுக்குப் பிறகு நான் என் மனைவியின் விசாவில் வந்து சேர்ந்தேன். கராஜில் வேலைக்குச் சேரவும் அவளிடமிருந்து ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் செய்யும் காரியத்தில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டது அது ஒன்றில்தான்.

கராஜில் மெக்கானிக் இக்பால் பாய் ஒரு நாள் கேட்டார். “சகாயம் பாய், தும்ஹாரா கஃபீல் கௌன்?” யார் உன் கஃபீல்?

“மேரி பீவி,” என்றேன். என் பெண்டாட்டி.

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, “அச்சா! லீவும் அவங்ககிட்டதான் கேக்கணுமா?” என்று இந்தியில் கேட்டார். “நீங்க மட்டும் கேக்காம எடுக்குறீங்களா?” என்று திருப்பிக் கேட்டேன். கீழே வைத்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

3

எங்கள் பகுதியில் ஓர் இந்தியர் மன்றம் இருக்கிறது. பாட்மின்டன் கோர்ட், ஒரு பெரிய ஹால், சமையற்கட்டு, சில அறைகள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பிரதிநிதி; எல்லோருக்கும் மேலே தலைவர். சின்ன இந்தியா மாதிரி என்று விழாக்களில் சொல்வார்கள். ஒரு விஷயத்தில் உண்மைதான். பெரிய பதவிகள் யாருக்கு என்று நாலு பேர் டீ குடித்துத் தீர்மானிப்பார்கள். பிறகு ‘ஒருமனதாக’ என்று அறிவிப்பார்கள். நாங்கள் கைதட்டுவோம்.

தலைவர் பல வருடமாக சௌதரி சாப். கட்டுமானத் தொழில், வடக்கத்திக்காரர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது; யாரைப் பார்த்தாலும் தோளில் கை போடுவார். மன்றத்தில் எண்ணிக்கையில் அதிகம் மலையாளிகள். ஆனால் அவர்களுக்குள் மூன்று அணி. ஓர் அணிக்காரர் தலைவராவதை மற்ற இரண்டும் பொறுக்காது என்பதால் நடுவில் சௌதரி சாப் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார். தமிழ்நாட்டுப் பிரதிநிதிக்கு உள்ள அதிகாரம், பொங்கலுக்குப் பானை வாங்குவதும் உணவுத் திருவிழாவில் இட்லிக் கடை போடுவதும்.

அந்தப் பதவியில் இருந்தவர் கனடாவுக்குப் போனபோது இடம் காலியானது. கூட்டத்தில், “யார் ஏத்துக்கிறீங்க?” என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். சோம்பல் முறிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அதே நேரம் டூட்டி முடிந்து பின் வரிசையில் வந்து உட்கார்ந்த ஜெசிந்தா, “போன பொங்கலுக்கு எடுத்த பெரிய உருளி இன்னும் கழுவாம கெடக்கு. அத யாரு கழுவப் போறது?” என்று கேட்டாள். நிர்வாகத் திறமை என்று எல்லோருக்கும் தோன்றியது. அப்படித்தான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரத்தில், அதற்குத் தெற்கே நிலமே இல்லாத ஓர் ஊரில் பிறந்த என் மனைவி மாநிலப் பதவிக்கு வந்தாள்.

வந்தவள் உருளியோடு நிற்கவில்லை. சமையற்கட்டுக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறை இருந்தது. அதை ஒழித்து, கார்பெட் விரித்து, ஏசியைப் பழுது பார்த்து, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் அறையாக்கிவிட்டாள். காரணம் எளிது. எங்கள் பகுதியில் நர்ஸ் குடும்பங்கள் அதிகம். பள்ளிப் பேருந்து மூன்று மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிடும். அம்மாவின் டூட்டி முடிவது ஏழு மணிக்கு. அப்பா ஏதாவது சைட்டிலோ கராஜிலோ இருப்பான். இந்த இடைவெளிக்கு வளைகுடா கண்டுபிடித்த ஒரே தீர்வு, பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுவது. அப்படி அனுப்பப்பட்டு, பெற்றோரை வீடியோ காலில் வளர்த்த பிள்ளைகள் எத்தனையோ பேரை நானே அறிவேன்.

அறை வந்த பிறகு, அன்றைக்கு லீவிலிருக்கும் ஒரு தாய் முறைபோட்டு அங்கே இருப்பாள். வீட்டுப்பாடம், பிஸ்கட், சண்டை தீர்ப்பது. முறைப்பட்டியலில் கேரளம், ஆந்திரம், பஞ்சாப் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டின் இட்லிக்கடை நிர்வாகம் இப்படிச் சத்தமில்லாமல் எல்லை தாண்டியது.

4

இரண்டாண்டு இப்படி ஓடியது. பிறகு ஒரு பொதுக்கூட்டத்தில் சௌதரி சாப் புதிய திட்டம் ஒன்றை அறிவித்தார். மூத்த உறுப்பினர்களுக்கு லவுஞ்ச். தோல் சோபா, பெரிய டிவி, முதுகைப் பிடித்துவிடும் நாற்காலி. இடம்? சமையற்கட்டுக்குப் பக்கத்து அறை.

என் மனைவிக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கம். ஜெசிந்தாவின் வார்டில்தான் அவளும் நர்ஸ். கணவர் கடலுக்குள் எண்ணெய் மேடையில் வேலை. மாதக்கணக்கில் கரைக்கு வர மாட்டார். நாலு வயதில் மியா என்று ஒரு மகள்.

“அக்கா, அந்த ரூமு போச்சுன்னா மியாவ நாத்தனார் வீட்டுக்கு அனுப்பணும். வேற வழியே கெடயாது. டிக்கெட் போட்டுருவேன்,” என்றாள் ஸ்டெல்லா. அழவில்லை. நர்ஸுகள் கெட்ட செய்தியைச் சொல்லும் அந்தத் தட்டையான குரலில் சொன்னாள்.

ஜெசிந்தா எழுந்தாள். அந்த அறை எதற்காக என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சௌதரி சாப் சிரித்தபடி, லவுஞ்சிலேயே ஒரு மூலையில் பிள்ளைகளுக்கு நாலு நாற்காலி போட்டுத் தருவதாகச் சொன்னார்.

“மூலையில சாத்தி வைக்கதுக்கு எங்க பிள்ளைய என்ன தொடப்பமா?” என்றாள் ஜெசிந்தா. தமிழில் சொன்னதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மலையாளிகள் முதலில் சிரித்தார்கள். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தார்கள்.

“தலைவர் தீர்மானித்தது தீர்மானித்ததுதான், சிஸ்டர். உங்களுக்கு வேண்டுமானால் அடுத்த தேர்தலில் நில்லுங்கள்,” என்று வேடிக்கையாகச் சொன்னார் அவர். அடுத்த தேர்தல் என்று ஒன்று யார் நினைவிலும் நடந்ததில்லை. ஹால் முழுக்கச் சிரிப்பு.

“நிக்கேன்,” என்றாள் ஜெசிந்தா.

வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் நின்றபோது நான், “சும்மாதான சொன்ன?” என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சிக்னல் பச்சையானது.

5

சௌதரி சாப்பை எதிர்த்து ஆள் நின்றதால் இந்த முறை ஓட்டெடுப்பு நடத்தியே ஆக வேண்டியதாயிற்று. பிரச்சாரப் பொறுப்பாளராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். ரோஷ்னி போஸ்டர் வரைந்தாள், ஆங்கிலத்தில். பள்ளியில் ஏதோ பாடத்தில் படித்திருக்கிறாள், அமெரிக்காவில் தென் மாநிலங்களின் ஆளுநர்கள் சிலர் ஜனாதிபதியாகியிருக்கிறார்கள் என்று. “மம்மி ஈஸ் ஆல்ஸோ ஃப்ரம் த சவுத். ஃபர்ஸ்ட் ஸ்டேட், தென் பிரசிடெண்ட். இட்ஸ் நார்மல், டாடி,” என்று எனக்கு வகுப்பெடுத்தாள். தாய்நாட்டு அரசியலை அமெரிக்கா வழியாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை. ஆனாலும் அம்மாவுக்காக அவள் உட்கார்ந்து ஒரு வேலை செய்ததைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேட்பாளர் அறிமுகக் கூட்டத்தில் இந்தியிலும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். ஜெசிந்தாவுக்குத் தெரிந்த இந்தி முழுக்க நோயாளிகளிடம் கற்றது. மைக்கைப் பிடித்து, “தர்த் கஹாங் ஹை?” என்றாள். எங்கே வலிக்கிறது? பிறகு, “டரோ மத். ஹம் தேக்கேங்கே. ஜல்தி டீக் ஹோ ஜாயேகா.” பயப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சீக்கிரம் சரியாகிவிடும். அவ்வளவுதான். அவளுக்கு அதற்கு மேல் இந்தி தெரியாது. இதைவிட நல்ல தேர்தல் பேச்சை எந்தத் தலைவரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு பஞ்சாபிப் பெரியவர் எழுந்து வந்து முழங்காலைக் காட்டினார்.

நான் என் பங்குக்குக் களத்தில் இறங்கினேன். நர்ஸ் குடும்பங்கள்தான் நம் பலம் என்று கணக்குப் போட்டு, அந்த வீட்டு ஆண்களை ஒவ்வொருவராகப் பிடித்தேன். லேத் பட்டறையில் தாமஸ், டிரைவர் அந்தோணி, வெல்டர் ஸ்ரீனிவாஸ். கராஜுக்கு வந்தவனுக்கு டீ. வெள்ளிக்கிழமை மாலை பரோட்டாவும் பீஃபும். கைகொடுத்தேன், முதுகில் தட்டினேன், அவர்கள் ஊர்க் கால்பந்தாட்டக் குழுவைப் புகழ்ந்தேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். “சகாயண்ணே, நம்ம ஓட்டு நம்ம சேச்சிக்குத்தான்!” ஆளாளுக்கு நெஞ்சில் அடித்துச் சொன்னார்கள். நான் ஒரு சுற்று பெருத்துவிட்டேன், பரோட்டாவாலும் பெருமையாலும்.

சௌதரி சாப்பும் ஒரு நாள் கராஜுக்கு வந்தார். காரில் ஒரு கோளாறும் இல்லை. தோளில் கை போட்டார். “சகாயம், உன் மனைவியைக் கொஞ்சம் சமாதானப்படுத்து. துணைத் தலைவர் பதவி தருகிறேன். உனக்கு உணவுக் கமிட்டி சேர்மன்.”

உணவுக் கமிட்டி! ஒரு கணம் என் உள்மனம் தடுமாறியதைச் சொல்லத்தான் வேண்டும். மாலையில் மெல்ல ஜெசிந்தாவிடம் எடுத்துச் சொன்னேன். அவள் மீன் உரசிக்கொண்டிருந்தாள்.

“அறை?”

“அதப் பத்தி ஒண்ணும் பேசல.”

“அப்ப நாமளும் பேசாண்டாம்,” என்று மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் உரசினாள்.

6

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில் மன்ற அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகம் என்றால் குஞ்ஞுமோன் சேட்டன். தலைவர்கள் வருவார்கள் போவார்கள்; சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். ஓட்டுச் சீட்டு வாங்க அடையாள அட்டையை நீட்டினேன். மெஷினில் வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார்.

“சகாயம், நிங்ஙளுக்கு ஓட்டில்லல்லோ.”

“சேட்டா, தமாஷா?”

“தமாஷல்ல. குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. யாருடெ விசாவோ அவருக்கு. நிங்ஙள் டிபெண்டென்ட்.”

விதி முதல் நாளிலிருந்தே அப்படித்தானாம். ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, ஓட்டெடுப்பே நடக்காததால் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குடும்பத் தலைவன் என்றால் ஆண்தானே என்று நானாக முடிவு செய்துகொண்டது என் புத்திசாலித்தனம்.

“தாமஸுக்கு?”

“பெண்டாட்டி விசா. இல்ல.”

“அந்தோணி? ஸ்ரீனிவாஸ்?”

“இல்ல. இல்ல.”

நர்ஸைக் கட்டியவர்களில் பாதிக்கு மேல் என்னைப்போலத்தான். பெண்ணுக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்து, அவள் முதலில் வந்து, பிறகு கணவனுக்கு விசா எடுத்து வரவழைத்தவர்கள். சில மாதங்களாக நான் பரோட்டா வாங்கிக் கொடுத்தது முழுக்க முழுக்க ஓட்டில்லாத ஆண்களுக்கு. ஓட்டு இருந்த பெண்களில் ஒருவரிடமும் நான் பேசியிருக்கவில்லை. ‘உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன் சிஸ்டர்’ என்று சிரித்துவிட்டுக் கடந்துபோயிருக்கிறேன்.

எங்கள் ஊராட்சியைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது என் சித்தி தலைவியானார். ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தது சித்தப்பாதான். போஸ்டரில் சித்தியின் படம் தபால்தலை அளவு, சித்தப்பாவின் படம் ஆள் உயரம். ‘தலைவர்’ என்று கூப்பிட்டால் அவர்தான் திரும்பிப் பார்ப்பார். கிராம சபையில் சித்தி ஒருமுறை வாய் திறந்தபோது, “தலைவர் பேசும்போது குறுக்க பேசாதம்மா,” என்று ஒருவர் அதட்டிய சரித்திரமும் உண்டு. அந்த வம்சத்தில் வந்தவன் நான். எனக்குள்ளும் ஒரு சித்தப்பா சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறான். அவனைத்தான் குஞ்ஞுமோன் சேட்டன் ஒரு மெஷினில் அட்டையைத் தேய்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ரோஷ்னி சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். “டாடி! யூ ஆர் த கேம்பெய்ன் மேனேஜர் அண்ட் யூ கான்ட் ஈவன் வோட்!”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. “இது நல்லதுலா,” என்றாள்.

“எது?”

“ஓட்டு முழுக்க எங்ககிட்டதான் இருக்கு. எனக்கு இத்தன நாளும் தெரியாமப் போச்சே.” போனை எடுத்தாள். மறுநாளிலிருந்து ஹாஸ்பிடல் பஸ்ஸில் அவளுடைய பிரச்சாரம் ஆரம்பமானது. டூட்டிக்குப் போகும்போது ஒரு பஸ், திரும்பும்போது ஒரு பஸ். களைத்துத் தூங்கி விழும் பெண்களிடம் அவள் நீளமாக ஒன்றும் பேசவில்லையாம். “ஒனக்க கார்டுலதான் ஓட்டு. மாப்பிள்ளைக்கு இல்ல. நீதான் வரணும்,” என்று மட்டும் சொன்னாளாம். தெலுங்குப் பெண்ணொருத்தி அதைக் கேட்டு விழித்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாளாம்.

7

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஓட்டெடுப்பு ஞாயிறு மாலை நாலிலிருந்து எட்டு வரை. பகல் டூட்டி முடிவது ஏழுக்கு. இரவு டூட்டி ஆரம்பிப்பதும் ஏழுக்கு. பகல்காரர்கள் முடிந்த பிறகு ஓடி வர வேண்டும். இரவுக்காரர்கள் போகும் முன் போட்டுவிட வேண்டும். இடையில் நகரத்திலிருந்து முசஃபாவுக்கு வரும் சாலை. அதன் நெரிசலை அறிந்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம்.

பரோட்டா தின்றவர்களை மறுபடி கூட்டினேன். “மக்களே, நமக்கு ஓட்டில்ல,” என்று ஆரம்பித்தேன். தாமஸுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப இத்தன நாளா எதுக்கு அண்ணே தீனி போட்டீங்க?”

“இதுக்குத்தான்னு வெச்சுக்க. ஓட்டில்லாட்டா என்ன, நமக்கு காரு இருக்கு. கை இருக்கு. பாதிப் பேரு காரு ஓட்டணும், பாதிப் பேரு பிள்ளைய பாக்கணும்.”

“யாருக்க பிள்ளைய?” என்றார் அந்தோணி சந்தேகமாக.

“கையில கெடைக்கத எல்லாம்.”

ஓட்டெடுப்பு நாள் மாலை மன்றத்து வராந்தாவைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அறையை, லவுஞ்ச் வேலை ஆரம்பிக்கப்போவதாகச் சொல்லித் தேர்தலுக்கு முன்பே பூட்டிவிட்டார்கள். அதனால் வராந்தாவில் பாய் விரித்து, மீசை வைத்த ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தோம். ஸ்ரீனிவாஸ் ஒரு பெண் குழந்தைக்குச் சடை பின்னி, வெல்டிங் வேலைபோல அழுத்தமாக முடித்திருந்தார். மியா என் மடியில். பெண்கள் யூனிஃபார்மோடு காரிலிருந்து இறங்கி, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி ஹாலுக்குள் போனார்கள். எங்களில் ஒருவருக்கும் உள்ளே போக அனுமதி இல்லை.

இரவு டூட்டிக்காரர்களை நாலு மணியிலிருந்தே கொண்டுவந்து, போட வைத்து, மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பினோம். என் ஏற்பாடு அவ்வளவு கச்சிதம். கடைசியாக ஏறிய பிரின்சி என்ற பெண்ணை அந்தோணியின் காரில் நானே கதவைத் திறந்து ஏற்றிவிட்டேன். பாலத்துக்கு அருகில் ஏதோ லாரி மறித்து நெரிசல். ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டியவள் நடுச் சாலையில் நின்றாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நர்ஸ் ஒருத்தி நேரம் ஆனதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. அடுத்து வருபவளிடம் ஒவ்வொரு நோயாளியையும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஹேண்டோவர் என்று பெயர். ஆள் வராவிட்டால் நின்றுதான் ஆக வேண்டும். அந்த வார்டில் பகல் டூட்டியில் இருந்தது இரண்டு பேர், ஜெசிந்தாவும் ஸ்டெல்லாவும். மாற்ற வந்தது ஒருத்திதான். மற்றொருத்தி பிரின்சி.

பிறகு ஸ்டெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். “அக்கா, நீங்கதான் வேட்பாளர். நீங்க போங்க,” என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

“ஓட்டுல வேட்பாளரு ஓட்டு, மத்தவ ஓட்டுன்னு ரெண்டு தினுசு இருக்கா? மியா அங்கன கெடக்கா. நீ ஓடு. ஒனக்க பேஷன்ட்டையும் நான் பாத்துக்கிடுதேன்.”

ஸ்டெல்லா இறங்கி ஓடி வந்து தாமஸ் காரில் ஏறினாள். குஞ்ஞுமோன் சேட்டன் ஹால் கதவில் கை வைத்துவிட்டார், அப்போது உள்ளே நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

8

எண்ணி முடித்தார்கள். கொஞ்ச வித்தியாசத்தில் ஜெசிந்தா ஜெயித்துவிட்டாள்.

ஹாலைத் திறந்துவிட்டதும் எங்கள் ஓட்டில்லாதோர் அணி விசிலடித்தபடி உள்ளே பாய்ந்தது. ரோஷ்னி என்னைக் கட்டிக்கொண்டு, “ஜெயிச்சாச்சு டாடி!” என்று கத்தினாள். தமிழில்தான் கத்தினாள். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் உடனே மாற்றிக்கொள்வாள்.

சௌதரி சாப் வந்தார். முகம் வாடியிருந்தது, கை மட்டும் பழக்கத்தில் என் தோளுக்கு வந்துவிட்டது. “முபாரக் சகாயம், வாழ்த்துகள். உண்மையைச் சொல், உங்கள் வீட்டு ஓட்டையும் சேர்த்தால்தானே இந்த வித்தியாசம்?”

“இல்ல சாப். எங்க வீட்டுலேருந்து ஒரு ஓட்டும் விழல. எனக்குக் கிடையாது. அவளுக்கு டூட்டி முடியல.”

‘தமாஷா?’ என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தோளிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துவிட்டு, தன் ஆட்களோடு போய்விட்டார்.

ஜெசிந்தா ஹாஸ்பிடல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். யூனிஃபார்ம், தோளில் சாப்பாட்டுப் பை. விஷயம் போனில் தெரிந்திருக்கும். ஆனாலும் முகத்தில் களைப்புதான் தெரிந்தது. யாரோ மாலையோடு ஓடினார்கள். மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். பாயில் நாலைந்து பிள்ளைகள் கன்னாபின்னாவென்று தூங்கிக்கொண்டிருந்தார்கள். மியா தரையில் பாதி, பாயில் பாதி.

“பிள்ளையள ஏன் வெறுந்தரையில போட்டிருக்கிய?” என்று எங்களைக் கேட்டாள். மாலை போட வந்தவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

“ரூமு பூட்டியிருக்குலா,” என்றேன்.

அவள் குஞ்ஞுமோன் சேட்டன் பக்கம் திரும்பினாள். “சேட்டா, சாவி?”

அவர் பழக்கதோஷத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “பிரசிடெண்டிண்டெ ஆர்டர் இல்லாதெ தொறக்கான் பற்றில்ல சிஸ்டர்.” தலைவர் உத்தரவு இல்லாமல் திறக்க முடியாதாம். சொல்லி முடித்த பிறகுதான் தாம் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

“ஆர்டர்தான?” என்றாள் ஜெசிந்தா. “தொறங்க.”

சாவிக்கொத்தில் அந்தச் சாவியைக் கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரம் ஆனது. கதவு திறந்தது. ஜெசிந்தா உள்ளே போய் விளக்கைப் போட்டாள், ஏசியைப் போட்டாள், சுருட்டி வைத்திருந்த கார்பெட்டைக் காலால் தள்ளி விரித்தாள். நாங்கள் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். ஸ்டெல்லா மியாவைக் கிடத்திவிட்டு நிமிர்ந்தாள். போனை எடுத்து, மியாவுக்குப் போட்டுவைத்திருந்த விமான டிக்கெட்டைத் திறந்து ஜெசிந்தாவிடம் காட்டினாள். ஸ்டெல்லா அங்கேயே நின்று அதை ரத்து செய்தாள்.

மேடையிலிருந்து மைக்கில் புதிய தலைவரை மறுபடியும் அழைத்தார்கள்.

“இந்தா வாறேன்,” என்றவள் நடக்காமல், “ஸ்டெல்லா, நாளைக்கு ரூமுல யாருக்க முறை?” என்று கேட்டாள்.

“ஒங்க முறைதான் அக்கா. ஆனா நீங்க இப்ப பிரசிடெண்ட்டுல்லா, நான் வேற யாரயாவது…”

“யாரையும் கூப்பிடாண்டாம்,” என்றாள் ஜெசிந்தா. “எனக்கு நாளைக்கு ஆஃப். பஸ்ஸு மூணு மணிக்குத்தான வரும்? அதுக்கு முன்னாடி நான் இங்க நிப்பேன்.”